நாய் போனால் பூனையும் போகும்

வேலை முடிந்த எதுவும் அவளுக்குக் கண்ணில் படக்கூடாது. கணவர் நாளிதழின் கடைசிப் பக்கத்துக்கு வருவதற்குள் முதல் பக்கங்கள் பழைய பேப்பர் கட்டில் சேர்ந்திருக்கும். "என்னையும் ஒருநாள் சேர்த்துக் கட்டிருவா," என்பார் வருகிறவர்களிடம்.

ஊருக்குப் போகிறவர்கள் நாயையும் பூனையையும் விட்டுச்செல்லும் விடுதி ஒன்றில் பதினொரு வருடமாக வரவேற்பு மேசை அவளுடையது. நடைபாதையின் இடப்பக்கம் நாய்கள், வலப்பக்கம் பூனைகள். கணினியில் அவள் போட்ட பட்டியலும் அதே மாதிரிதான், ஒரே தாளில் இடது பக்கம் நாய், வலது பக்கம் பூனை. வீடு திரும்பும் நாய் வாசலைத் தாண்டியதுமே அதன் வரிசையை அழித்துவிடுவாள்.

காலையில் அவள் அச்செடுத்துக் கொடுக்கும் தாளைப் பார்த்துத்தான் தீனிக்காரர் தட்டு வைப்பார். தாளில் இல்லாததற்கு ஒரு வாய்கூடக் கிடையாது. அறுவை சிகிச்சைக்காக வெறும்வயிற்றில் வைத்திருந்த பூனைக்கு அவர் பால் ஊற்றிய நாளில், விடுதியை நடத்தும் கால்நடை டாக்டரம்மா போட்ட சட்டம் அது.

அந்த மாதம் இரண்டு பூனைகள் பட்டினி கிடந்தன. வியாழக்கிழமை மூன்றாவதாக ஒரு பருத்த சாம்பல் பூனை தெருமுனை வரை கேட்கும்படி கத்தியது. டாக்டரம்மா தீனிக்காரரைப் பார்த்து, "நாளைலேருந்து நீங்க வரவேணாம்," என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

தீனிக்காரர் நேராக அவள் மேசைக்கு வந்தார். "லிஸ்ட்ல இல்லக்கா."

"என் லிஸ்ட்ல தப்பு வராது. முந்தாநாள் நான்தான் அடிச்சேன். கண்ணாடி போட்டுப் பாருங்க."

"நீங்க போட்டிருக்கீங்கல்ல, நீங்க பாருங்க."

பார்த்தாள். இல்லை. முணுமுணுத்தபடி மறுபடி அடித்துச் சேர்த்தாள். அதற்குள் ஒரு பழுப்பு நாயைக் கூட்டிப்போக அதன் ஆள் வந்தார். கையெழுத்து வாங்கினாள், நாய் போனது, வரிசையைப் பிடித்து அழித்தாள்.

"அக்கா, பூனை!"

இப்போதுதான் அடித்த சாம்பல் பூனையைக் காணோம். செய்ததைத் திரும்பப் பெற்றாள், இரண்டும் வந்தன. அழித்தாள், இரண்டும் போயின. நான்கு தடவை செய்துபார்த்தாள்.

"வரிசை முழுசா போகுது," என்றாள், தனக்கே சொல்வதுபோல. "இவ்வளவு நாள் பூனை கம்மி. நாய்க்கு எதிர்க் கட்டம் காலியா இருந்திருக்கு."

நாய்க்கான கட்டங்களை மட்டும் தேர்ந்தெடுத்து அழித்து, கீழே இருப்பவற்றை மேலே நகர்த்தினாள். பூனை அசையவில்லை. அப்போதும் நம்பிக்கை வராமல் பூனைகள் அத்தனையையும் வேறு தாளுக்குக் குடிமாற்றினாள். பத்து நிமிட வேலை. பார்த்தவர் தீனிக்காரர் ஒருவர்தான், அவரும் மேலங்கியை அவிழ்த்து மடித்துக்கொண்டிருந்தார்.

"நீங்க சொன்னா நம்புவாங்கக்கா. நான் சொன்னா மெஷின் மேல பழி போடுறேன்னுவாங்க."

பதினொரு வருடத்தில் தன் தப்பு என்று ஒரு வார்த்தை அவள் சொன்னதில்லை. எழுந்து உள்ளே போனாள்.

"டாக்டரம்மா, அவர் மேல தப்பில்ல. மூணு பூனையையும் பட்டினி போட்டது நான்."

"நீங்களா? எப்போ?"

"நாயை அனுப்புறப்பல்லாம்."

புரியாமல் டாக்டரம்மா மேசைக்கே வந்தார். பழைய தாளில் ஒரு பூனையைத் திரும்ப வைத்து, எதிரிலிருந்த நாயின் வரிசையை அவள் அழித்துக் காட்டினாள், திரும்ப வரவழைத்தும் காட்டினாள்.  டாக்டரம்மா தீனிக்காரரிடம், "அவசரப்பட்டுட்டேன். நீங்க இருங்க," என்றார்.

"இருக்கேன்," என்று அவர் மேலங்கியை உதறினார். "அக்கா மட்டும் என் பேரை எந்த நாய்க்கும் எதிர்ல எழுதாம இருக்கணும்."

அவள் புதுத்தாளை அச்செடுத்து நீட்டினாள். சாம்பல் பூனை இன்னும் கத்திக்கொண்டிருந்தது.