ஏழாம் கேள்விக்கு அக்கா சொன்ன பதில்

எண்பதுகளின் தொடக்கத்தில் ஈப்போவில் எனக்கு ஒரு வேலை கிடைத்தது. ஊராரின் முதுகுவலியை எண்ணாக மாற்றுகிற வேலை. சொன்னால் சிரிப்பார்கள். எங்கள் அலுவலகத்துக்குக் கீழே மாமாக் கடை என்கிற டீக்கடை வைத்திருந்த அண்ணன் தினமும் சிரித்தார்.

"ஏன் தங்கச்சி, முதுகு வலிச்சா தைலம் தேய்க்கணும். நீங்க என்னடான்னா மாடியில உக்காந்து அதை எண்ணிக்கிட்டு இருக்கீங்க லா!" என்று டீயை ஆற்றிக்கொண்டே கேட்பார். நான் விடாமல் அவரோடு மல்லுக்கு நிற்பேன். அந்த வேலைமீது எனக்கு அப்போது அவ்வளவு நம்பிக்கை.

நம்பிக்கைக்குக் காரணம் என் அக்கா. கோப்பெங் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் அவள் பட்டையைக் கீறிப் பால் எடுக்கும் மரவெட்டு வேலை செய்துகொண்டிருந்தாள். அவளுக்கு ஒதுக்கிய மரவரிசையான நிரை மலைக்காட்டில் இருந்தது. சமவெளியில் இருக்கும் ரப்பர் காடுகளுக்குள் பால் ஏற்ற டிராக்டர் வந்துவிடும். மலைக்காட்டுக்கு வராது. மரத்தில் கட்டிய மங்குக் கிண்ணம் ஒவ்வொன்றிலிருந்தும் பாலை வாளியில் சேர்த்து, காண்டாக் கம்பின் இரண்டு முனையிலும் வாளிகளை மாட்டித் தோளில் வைத்து, வழுக்குகிற சரிவில் கீழ்ரோடு வரைக்கும் இறங்க வேண்டும். அம்மாவும் அப்பாவும் போன பிறகு பத்து வருஷத்துக்குமேல் அவள் அப்படி இறங்கியிருக்கிறாள். நான் ஐந்தாம் படிவம் வரை படித்ததும், குனோங் ராபாட்டில் வாடகை அறை எடுத்து ஆபீசுக்குப் போய்வந்ததும் அவள் தோளில் நடந்த காரியங்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் தோட்டத்து லயத்து வீட்டுக்குப் போனால் முதல் வேலை, அக்காவின் முதுகில் ஏறி மிதிப்பது. அவள் சிமெண்டுத் தரையில் குப்புறப் படுத்துக்கொள்வாள். சுவரைப் பிடித்துக்கொண்டு நான் அவள் இடுப்பில் மெல்ல நடப்பேன். "அங்கதான் பாப்பா, அங்கதான், நல்லா மிதி" என்பாள். என் எடை ஏற ஏற அவளுக்கு அது சுகமாக இருந்தது. எனக்கு அழுகை வரும். அடக்கிக்கொள்வேன்.

இந்த ஆராய்ச்சியை நடத்திய எங்கள் டாக்டர் ஒரு சீனர். நல்ல மனிதர், வேலையில் வெறி பிடித்தவர். தோட்டத்திலும் தொழிற்சாலையிலும் அலுவலகத்திலும் வேலை செய்கிறவர்களிடம் ஒரே கேள்விகளைக் கேட்டு, பதில்களை அட்டையில் துளைகளாக்கி, கோலாலம்பூரில் இருக்கும் கம்ப்யூட்டருக்குக் கொடுத்தால், எந்த வேலை எந்த எலும்பைத் தின்கிறது என்று அது சொல்லிவிடும் என்பார். ஒரு காலம் வரும், யந்திரம் தானாகவே பதில்களிலிருந்து கற்றுக்கொண்டு, இவருடைய முதுகு இன்னும் இரண்டு வருஷத்தில் போகும் என்று முன்கூட்டியே எச்சரிக்கும் என்பார். அவர் ஆங்கிலத்தில் அதைச் சொல்லும்போது எனக்கு மயிர்க்கூச்செறியும். அக்காவின் தோட்ட நிர்வாகம் அவருக்கு வாக்குக் கொடுத்திருந்தது. சுமை தூக்குவதால்தான் கெடுதல் என்று ஆராய்ச்சி காட்டினால் மலைக்காட்டுக்கு டிராக்டர் பாதை வெட்டித் தருவார்கள். நான் ஓடி ஓடி வேலை செய்ததற்கு அந்தப் பாதைதான் காரணம்.

கேள்விகள் ஒரு தாளில் அச்சாகியிருந்தன. அதில் ஏழாவது: 'கடந்த மூன்று மாதங்களில் உடல் வலியால் ஒரு நாளாவது வேலைக்கு வராமல் இருந்ததுண்டா?' இல்லை என்றால் பூஜ்யம் போட்டுவிட்டு நேராகப் பத்தொன்பதாம் கேள்விக்குத் தாவ வேண்டும். ஆமாம் என்றால்தான் எட்டு முதல் பதினெட்டு வரை. எங்கே வலி, எப்போது வலி, குனிந்தால் வலிக்கிறதா, தூக்கினால் வலிக்கிறதா என்பதெல்லாம் அந்தப் பதினொரு கேள்விகளுக்குள் இருந்தன. தாளைத் தமிழாக்கியவள் நான்தான். அந்தத் தாவலில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். படித்த திமிர், வேறென்ன சொல்ல.

அக்காவின் தோட்டத்துக்குப் போன நாளில் பள்ளிக்கூடத்து அறையில் மேசை போட்டார்கள். வேலை முடிந்து குளித்துவிட்டு ஒவ்வொருவராக வந்தார்கள். தமிழில் கேட்க என்னை விட்டால் ஆளில்லை. எல்லாரிடமும் ஒரே வார்த்தைகளில் கேட்க வேண்டும், முகம் காட்டக் கூடாது, எடுத்துக் கொடுக்கக் கூடாது என்பது விதி. அக்கா பவுடர் போட்டுக்கொண்டு, கல்யாணத்துக்குக் கட்டும் சேலையில் வந்து எதிரே உட்கார்ந்தாள். நான் அவளை வாழ்க்கையில் முதல் தடவையாக 'நீங்கள்' என்று அழைத்தேன். அவளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

ஏழாம் கேள்வியைப் படித்தேன்.

"இல்ல" என்றாள்.

மறுபடியும் படித்தேன். இரண்டு தடவை படிக்க விதியில் இடம் உண்டு.

"இல்லேங்குறேன்ல. ஒரு நாள்கூட நான் வேலைக்கு வராம இருந்ததில்ல. பெரட்டுல கேட்டுப் பாருங்க" என்றாள், பெருமையோடு. விடியற்காலையில் பெயர் கூப்பிடும் இடத்தைத்தான் பெரட்டு என்போம். அங்கே அவள் பெயருக்குக் குரல் வராத நாள் கிடையாது.

அது பொய்யில்லை. அதுதான் கொடுமை. என் எதிரில் உட்கார்ந்தவர்கள் அத்தனை பேரும் கிட்டத்தட்ட அதையேதான் சொன்னார்கள். பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம் என்று எழுதிக்கொண்டே போனேன்.

அன்று மாலை லயத்தில் அக்காவோடு சண்டை போட்டேன்.

"வலியே இல்லாத மாதிரி சொல்லிட்டியேக்கா!"

"வலி இருக்கான்னு நீ எங்க கேட்ட? வேலைக்கு வராம இருந்தியான்னுதானே கேட்ட?"

"போன மாசம் எந்திரிக்கவே முடியலேன்னியே, அன்னிக்கு?"

"போனேனே. மெதுவா மரத்துல கோடு மட்டும் போட்டு வச்சேன். பக்கத்து நிரை அக்கா அவங்க பாலை எறக்கிட்டு, திரும்ப மேல வந்து என் வாளியையும் எறக்குனாங்க. அவங்களுக்கு மூட்டு வீங்குனப்ப நான் எறக்கலியா? எல்லா நிரையிலயும் அப்படித்தான் லா. ஒருத்தருக்கு ஒருத்தர் தோள் குடுக்கறதுதான்."

எனக்கு அது தெரியாததில்லை. ஆனால் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து தாளைத் தமிழாக்கியபோது நினைவுக்கு வரவில்லை. முடியாதவள் என்று கணக்கு வைக்கும் கிராணிக்குத் தெரிந்தால் வெட்டுக்காட்டிலிருந்து எடுத்துக் குறைந்த கூலிக்குப் புல்வெட்டப் போட்டுவிடுவார். அதனால் முடியாத நாளிலும் பெரட்டில் வந்து நிற்பார்கள், மற்றவள் சுமப்பாள். ஒருவர் வலியை ஒருவர் மறைத்து மறைத்து, தோட்டத்தில் வலியே இல்லாமல் செய்துவிட்டார்கள்.

மறுநாள் டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பேனாவை மூடி வைத்துவிட்டுப் பொறுமையாகக் கேட்டார். அட்டையில் இருக்கும் எண்பது கட்டங்களும் நிரம்பிவிட்டன, தோள் கொடுப்பதற்குக் கட்டம் இல்லை என்றார். பாதித் தோட்டங்களில் கேட்டு முடித்தாயிற்று, ஒரு தோட்டத்துக்கு மட்டும் கேள்வியை மாற்றினால் மற்றவற்றோடு ஒப்பிட முடியாது என்றார். தாளின் ஓரத்தில் குறித்து வை என்றார். நான் தாள் தாளாக ஓரத்தில் எழுதினேன். அட்டையில் துளை போடும் சீனப் பெண் என் கையெழுத்தை எட்டிப் பார்த்து, மலாயில், இதெல்லாம் எனக்கு வேண்டாம், எண் மட்டும் போதும் என்றாள். அவள்மீது என்ன தப்பு.

ஒரு மத்தியானம் எல்லாரும் சாப்பிடக் கீழே போயிருந்தபோது, துளை போடக் காத்திருந்த அடுக்கிலிருந்து அக்காவின் தாளை எடுத்தேன். ஏழாம் கேள்வியின் பூஜ்யத்தை அழித்துவிட்டு ஒன்று போட்டேன். ஒரே ஒரு ஒன்று. அதனால் டிராக்டர் வந்துவிடாது என்று தெரியும். ஆனாலும் அந்தப் பெரிய யந்திரத்துக்குள் அவள் வலி ஒரு மூலையிலாவது இருக்கட்டும் என்று நினைத்தேன்.

இரண்டு வாரம் கழித்து அந்த அட்டை மட்டும் திரும்பி வந்தது. ஏழுக்கு ஆமாம், எட்டு முதல் பதினெட்டு வரை காலி, பொருந்தவில்லை என்று கம்ப்யூட்டர் பொறுக்கி எடுத்துத் தள்ளியிருந்தது. அக்கா பத்து வருஷம் சுமந்ததைக் கண்டுபிடிக்கத் தெரியாத யந்திரத்துக்கு என் பொய் மட்டும் உடனே தெரிந்துவிட்டது. டாக்டர் தாளை வெளிச்சத்தில் பிடித்து அழித்த இடத்தைப் பார்த்தார். இந்தப் பெண்மணி இப்படிச் சொன்னாரா என்று கேட்டார். இல்லை என்றேன். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தாளை என்னிடமே தந்தார். என் கையாலேயே மறுபடியும் பூஜ்யம் போட்டேன்.

முடிவு கோலாலம்பூரிலிருந்து பச்சைக் கோடு போட்ட அகலத் தாளில் வந்தது. முதுகுவலி அதிகம் இருந்தது அலுவலகங்களில் நாற்காலியில் உட்கார்ந்து எழுதுகிறவர்களுக்கு. எல்லாரையும்விடக் குறைவாக இருந்தது தோட்டத்தில் பால் சுமக்கிறவர்களுக்கு. டாக்டர் அறிக்கையில் ஒரு பத்தி முழுக்க எச்சரிக்கை எழுதினார், எனக்குத் தெரியும், நான்தான் டைப் அடித்தேன். தோட்ட நிர்வாகம் அந்தப் பத்தியைப் படிக்கவில்லை. அட்டவணையைப் படித்தது. பாதைப் பேச்சு அதோடு போயிற்று.

அடுத்த வருஷம் பக்கத்து நிரை அக்காவின் மகனுக்குக் கமுந்திங்கில் தொழிற்சாலை வேலை கிடைத்தது. அம்மாவைக் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டான். அவர்கள் வாழ வேண்டியவர்கள், போகாதே என்று யார் சொல்வது? அந்த நிரைக்கு வந்த புதுப்பெண் கைக்குழந்தைக்காரி. வேலை முடிந்தால் பிள்ளையை விட்டுவைத்த ஆயாக்கொட்டகைக்கு ஓடவே அவளுக்கு நேரம் சரியாக இருந்தது. மழை பெய்து ஓய்ந்த ஒரு நாள், எழுந்து நிற்கவே முடியாத இடுப்போடு அக்கா இரண்டு வாளிகளையும் தானே இறக்கப் பார்த்தாள். பாதிச் சரிவில் கால் மடங்கியது. பால் வெள்ளையாக மண்ணில் ஓடி முடிந்த பிறகுதான் அவளைப் பார்த்தார்கள்.

ஆஸ்பத்திரியிலிருந்து அவளை என் அறைக்குக் கொண்டுவந்தேன். படுக்கையிலிருந்து திரும்பிப் படுக்கவும் என் கை வேண்டும். முதுகில் மிதிக்கக் கூடாது என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். எனக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் அதுதான்.

அந்த நேரத்தில் இரண்டாம் சுற்று ஆராய்ச்சி தொடங்கியது. அதே தோட்டங்கள், அதே கேள்விகள். ஒருநாள் சாயங்காலம் நான் தாள்களை அடுக்கிக்கொண்டிருந்ததை அக்கா படுத்தபடியே பார்த்தாள்.

"எங்க தோட்டத்துக்கும் போறியா?"

"ஆமாக்கா."

"என்னை எப்பக் கேப்ப? இந்த வாட்டி ஆமான்னு சொல்வேன். வேலைக்குப் போவலதானே."

பெயர்ப் பட்டியல் என் மடியில் இருந்தது. இப்போது வேலையில் இருப்பவர்களை மட்டும் கேட்க வேண்டும் என்பது விதி. அக்காவின் பெயரைத் தோட்டத்தில் எப்போதோ அடித்துவிட்டார்கள். அவள் நிரையில் இப்போது யாரோ ஒரு திடமான பெண் வெட்டுகிறாள். அவளும் இல்லை என்றுதான் சொல்வாள்.

ஒரு வெற்றுத் தாளை உருவினேன். பெயர் எண் எழுதும் கட்டத்தை விட்டுவிட்டு, அதே வார்த்தைகளில், 'நீங்கள்' என்றே கேட்டேன். ஏழுக்கு அக்கா "ஆமா" என்றாள். எட்டு, ஒன்பது, பத்து. எங்கே, எப்போது, குனிந்தால், தூக்கினால். பரீட்சைக்குப் படித்துவைத்த பிள்ளை மாதிரி ஒவ்வொன்றுக்கும் யோசித்து, தன் தப்பைத் திருத்திக்கொண்டு பதில் சொன்னாள். பதினெட்டு முடிந்தபோது அவளுக்கு மூச்சு வாங்கியது.

"எல்லாத்தையும் எழுதிட்டியா?"

"எழுதிட்டேன்க்கா."

"அப்ப மலைக்காட்டுக்கு டிராக்டர் வந்துரும். அந்தக் கைக்குழந்தக்காரி பாவம், தனியா எறக்குறா."

"வந்துரும்க்கா" என்றேன்.

இந்தப் பொய்யைத் திருப்பி அனுப்ப அறையில் எந்த யந்திரமும் இல்லை. அக்கா நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொண்டாள்.