வராத வண்டிக்கு மூடிய கேட்

அந்தோணிசாமிக்கு வேகம் வந்தது சினிமாவால். விழுப்புரம் தியேட்டரில் ஓடும் படமே கோலியனூர் டூரிங் கொட்டகையிலும் ஓடும். இரண்டு திரைக்கும் ஒரே பிரதி. அங்கே ஓடி முடிந்த ரீல்களைச் சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு அவன் மிதித்து வந்து சேர்ந்தால்தான் இங்கே கதை நகரும். கொஞ்சம் தாமதமானாலும் வெள்ளைத் திரை மட்டும் பளபளக்கும். மணலில் உட்கார்ந்திருக்கும் ஊரே விசிலடிக்கும்.

கொட்டகை முதலாளி விருத்தாசலம் வாசலிலேயே நிற்பார். "வாய்யா அந்தோணி! கதாநாயகி அரை மணியா கெணத்துல தொங்கிக்கினு கீறா. நீ வந்து தூக்கி வுட்டாத்தான் உண்டு."

"காத்து எதிர்க்காத்துங்க."

"காத்து மேல கேஸ் போடலாம், மொதல்ல பொட்டிய எறக்கு."

அந்தக் காலுக்கு ஒரு பந்தயம் கிடைத்தது ஐம்பதுகளின் நடுவில். ஒவ்வொரு குடியரசு நாளிலும் விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் போய்த் திரும்பும் சைக்கிள் பந்தயம். முதல் இரண்டு வருடமும் ஜெயித்தவர் சுப்பராயலு. திண்டிவனத்துக்கு அருகே நிலபுலன் உள்ள குடும்பம், சீமை ராலே சைக்கிள். இரண்டு வருடமும் அந்தோணிசாமி இரண்டாவதாக வந்தான். இரண்டு முறையும் சுப்பராயலு எல்லைக் கோட்டருகே காத்திருந்து, தன் சோடா பாட்டிலை அவனிடம் நீட்டி, தோளில் தட்டினார். "நல்லா வந்தே அந்தோணி." உண்மையான அன்போடுதான் சொன்னார். அந்தத் தட்டலைத்தான் அந்தோணிசாமியால் தாங்க முடியவில்லை. வீட்டுக்கு வந்து அந்தத் தோளில் மட்டும் இரண்டு செம்புத் தண்ணீர் கூடுதலாக ஊற்றிக்கொள்வான் என்று அவன் மனைவி மதலேனாள் சொல்லிச் சிரிப்பாள்.

சுப்பராயலுவை ஒரே ஒருமுறை தோற்கடிக்க வேண்டும். அவர் தோளில் தான் தட்ட வேண்டும். வேறு எதற்கும் அவன் ஆசைப்பட்டதில்லை.

ஐம்பத்தெட்டாம் வருடம் பந்தயத்துக்குப் புதிதாக ஒரு விதி வந்தது. ரயில்வே கேட் மூடியிருந்தால் சைக்கிளைப் பக்கவாட்டில் சாய்த்து, தலை குனிந்து நுழைந்துவிடுவது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் பழக்கம். பால்காரர் நுழைவார், பள்ளிக்கூட வாத்தியார் நுழைவார், கல்யாண மாப்பிள்ளையும் மாலையோடு நுழைவார். முந்தைய வருடம் பந்தயக்காரன் ஒருவன் அப்படி நுழைந்து, எஞ்சின் அவன் பின்சக்கரத்தைச் சப்பையாக்கிவிட்டுப் போனது. அதனால் போலீசார் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள்: மூடிய கேட்டில் நிற்காதவன் பெயர் அடிக்கப்படும்.

அந்த வருடம் திண்டிவனத்தில் திரும்பும்போது அந்தோணிசாமியும் சுப்பராயலுவும் முன்பின்னாக வந்தார்கள். விக்கிரவாண்டியை நெருங்கும்போது அந்தோணிசாமி கூப்பிடு தூரம் முன்னால் இருந்தான். அங்கிருந்த ரயில்வே கேட் திறந்திருந்தது. தண்டவாளத்தின் மேல் சக்கரம் இரண்டு முறை அதிர்ந்தது அவனுக்கு நினைவிருக்கிறது. திரும்பிப் பார்க்கவில்லை.

விழுப்புரத்தில் அவன் தனியாக வந்து சேர்ந்தான். பின்னால் சாலை வெறுமையாகக் கிடந்தது. ஜனங்கள் அவனைத் தூக்கினார்கள். கோப்பை கைக்கு வந்தபோது அது இவ்வளவு லேசாக இருக்கும் என்று அவன் நினைத்திருக்கவில்லை. வெகுநேரம் கழித்து சுப்பராயலு வந்தார். அவரோடு வந்துகொண்டிருந்த இருவர் மூடிய கேட்டில் குனிந்து நுழைந்து பெயர் அடிபட்டிருந்தார்கள். அவர் மட்டும் இறங்கி, சைக்கிளைப் பிடித்துக்கொண்டு, கேட் திறக்கும்வரை நின்றிருக்கிறார்.

"கேட்டு மாட்டிக்கிச்சு," என்றார். பிறகு கையை நீட்டினார். "இருந்தாலும் நீ முன்னாலதான் இருந்தே. ஜெயிச்சவன் நீதான்."

அந்தோணிசாமி அவர் தோளில் தட்டவில்லை. கை எழவில்லை.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து மதலேனாளின் தம்பி சவுரிராயன் ஒரு கோழியைத் தலைகீழாகத் தொங்கவிட்டுக்கொண்டு வந்தான். அந்த கேட்டின் காவல்காரன் அவன்தான். அந்தோணிசாமிதான் யார் யார் காலிலோ விழுந்து அவனுக்கு அந்த வேலையை வாங்கிக் கொடுத்தான். கேட்டை ஒட்டி ஒரு ரயில்வே குடிசை. அதில் அவன் பெண்டாட்டி, பிள்ளைகள், மாமியார்.

கோழிக் குழம்பைப் பிசைந்துகொண்டே சவுரி கண்ணைச் சிமிட்டினான். "மாமா, சரக்கு வண்டி எப்படி?"

"என்னா சரக்கு வண்டி?"

"வராத வண்டி மாமா! நீ தாண்டுன, நான் எறக்கிட்டேன். ராலேகாரரு நின்னாரு பாரு, பஞ்சாயத்து போர்டு கம்பம் மாதிரி. 'வண்டி எப்பப்பா வரும்'னாரு. 'தோ வந்துகினே கீதுங்க'ன்னேன்."

மதலேனாள் சிரித்துவிட்டு, கணவன் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள்.

"யாரு கேட்டா உன்ன?" என்றான் அந்தோணிசாமி.

"அக்கா வூட்டுக்காரரு. கேட்டாத்தான் செய்யணுமா? நீ எனக்குச் செஞ்சத நான் கேட்டா செஞ்ச?"

"நானே ஜெயிச்சிருப்பேண்டா."

"அதான் ஜெயிச்சிட்டியே மாமா. சாப்புடு."

தட்டின் ஓரத்தில் கை காய்ந்துபோகும்வரை அந்தோணிசாமி உட்கார்ந்திருந்தான். தானே ஜெயித்திருப்பானா என்பது இனி யாருக்கும் தெரியாது. அவனுக்கும்தான்.

கோப்பையைத் திருப்பிக் கொடுத்துவிடுவதாக அன்று மாலை மனைவியிடம் சொன்னான். அவள் சண்டை போடவில்லை. "குடுத்துட்டு வா," என்றாள். "ஏன்னு கேப்பாங்க. நீ பொய் சொல்ல மாட்டே. அப்புறம் அந்தப் புள்ளைங்க தட்டுமுட்டெல்லாம் தூக்கிக்கினு இங்கதான் வரும். அதுக்கும் சேத்து ஒல வச்சிடறேன்."

ஆனாலும் போனான். கோப்பையை எடுக்காமல், வெறுங்கையோடு, திண்டிவனத்துக்கு. சுப்பராயலு களத்தில் மல்லாட்டைக் கடலை காயவைப்பதை மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தார். அவனைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

"வா அந்தோணி. கேட்டு விஷயமா வந்தியா?"

அந்தோணிசாமி சைக்கிளுக்கு ஸ்டாண்டு போட்டான்.

"வண்டியே வராம மூடுனானாம், அப்பா ரயில்வேக்கு மனு எழுதணும்னு நின்னாரு. நான்தான் வாணான்னேன். தோத்துட்டு ஒரு கேட்டுக்காரன் சோத்துல மண்ணு போட்டான்னு பேரு வரக் கூடாது. உன் ஜெயிப்பு மேலயும் அழுக்கு வுழும். நீ ஒழுங்கா ஓட்டுன ஆளு."

சொல்ல வந்தது அங்கேயே நின்றுவிட்டது. அதற்குப் பதிலாக வேறொன்று வெளியே வந்தது. "சின்னய்யா, நாம ரெண்டு பேரு மட்டும் இன்னொரு வாட்டி ஓட்டிப் பாக்கலாங்களா? இந்தப் பக்கம், கேட்டு இல்லாத ரோடா."

சுப்பராயலுவின் முகம் மெல்ல மூடிக்கொண்டது. "ஜெயிச்சவன் வந்து தோத்தவனக் கூப்புடுறியா? எதுக்கு? ஒரு வாட்டி பத்தலியா?"

"அதுக்கில்லீங்க…"

"வேற எதுக்கு? நான் புகார் சொன்னேனா? கை குடுத்தேனா இல்லியா? நீ தருமம் போடுற பந்தயத்துக்கு வர்ற அளவுக்கு நான் எறங்கிப் போகல அந்தோணி. அடுத்த வருஷம் ரோட்டுல பாக்கலாம்."

அந்த வருடம் முழுவதும் சுப்பராயலு விடியற்காலையில் செஞ்சி ரோட்டில் மிதித்துப் பழகுவதாகச் செய்தி வந்துகொண்டே இருந்தது. அந்தோணிசாமியும் பழகினான். தை பிறந்ததும் சவுரியைக் கூப்பிட்டு, "இந்த வாட்டி கேட்டைத் தொடாதே. என் மேல ஆணை," என்றான்.

சவுரி சிரித்தான். "நீ அப்படித்தான் சொல்லணும் மாமா. நீ சொன்னாப்பல இரு, நான் கேட்டாப்பல இருக்கேன்."

அவனை மிரட்டிப் பார்த்தான், கெஞ்சிப் பார்த்தான். அன்பில் மூழ்கியிருந்தவனுக்கு எதுவும் கேட்கவில்லை. பந்தயத்துக்கு அந்தோணிசாமி பெயர் கொடுக்கவில்லை.

சுப்பராயலு சுலபமாக ஜெயித்தார். ஜெயித்த வேர்வையோடு நேராகக் கோலியனூருக்கு வந்தார். விருத்தாசலம் நாற்காலி போடச் சொன்னார், அவர் உட்காரவில்லை.

"ஏன் வரல?"

அந்தோணிசாமி ரீல் பெட்டியின் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினான்.

"பயந்துட்டான்னு சொல்றாங்க. நான் நம்பல. இவனோடயெல்லாம் எதுக்கு ஓட்டணும்னு நெனச்சுட்டியா? திமிரா?"

"ஆமாங்க," என்றான் அந்தோணிசாமி.

விருத்தாசலமே அதிர்ந்துபோனார்.  தன்னிடமிருந்த எதையோ யாரோ பிடுங்கிக்கொண்டதுபோல் சுப்பராயலு திரும்பி நடந்தார்.

அறுபத்து மூன்றில் சவுரிக்கு மாயவரம் பக்கம் மாற்றல் வந்தது. அதற்கடுத்த பந்தயத்துக்கே அந்தோணிசாமி பெயர் கொடுத்தான். கேட்டில் முன்பின் தெரியாத ஒருவன் பீடி குடித்துக்கொண்டிருந்தான். கேட் திறந்திருந்தது. காலேஜ் பையன்கள் அவனைக் கடந்து பறந்துகொண்டிருந்தார்கள். அவனுக்கு முழங்கால் நொந்தது. ஏழாவதோ எட்டாவதோ வந்தான்.

மேடையில் பரிசு கொடுக்கச் சுப்பராயலு உட்கார்ந்திருந்தார். உடம்பு போட்டிருந்தது, வேட்டி சட்டையில் சைக்கிளை மறந்த மனிதராக இருந்தார். கூட்டம் கலைந்தபின் இறங்கி வந்தார்.

"இப்ப வந்து என்னா செய்ய, அந்தோணி?"

கோபமே இல்லாமல் கேட்டார். அந்தோணிசாமி சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தான். சவுரி இன்னும் ரயில்வேயில்தான் இருந்தான்.

"சும்மா வந்தேங்க," என்றான்.