ஒசாகா போய் வந்த மதினி

செல்வராணி மதினி மறைந்த செய்தி எனக்கு என் அண்ணனிடமிருந்து வரவில்லை. கல்யாணிலிருந்து யாரோ ஒரு மராட்டியப் பெண்மணி போனில் அழைத்து, "தீதி நஹீ ரஹீ", அக்கா போய்விட்டார் என்று இந்தியில் சொல்லி அழுதார். எந்த தீதி என்று கேட்பதற்குள் மான்குர்திலிருந்து இன்னொரு போன். மூன்றாவதாகத்தான் தாராவியிலிருந்து அண்ணன் பேசினான். ரயிலில் பெண்கள் பெட்டியில் ஏறியவர்களையெல்லாம் உறவாக்கி வைத்திருந்தவர் மதினி. மாரடைப்பு என்றார்கள்.

எனக்கு முதலில் வந்தது அழுகை அல்ல, கோபம். என் மகள் கயலுக்குப் போலந்தில் ஓராண்டு மேற்படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. அனுப்ப முடியாது என்று நான் ஒற்றைக்காலில் நின்றேன். மறுநாள் ஞாயிறு, செம்பூரில் என் வீட்டுக்கு வந்து என்னோடு சண்டை போடுவதாக மதினி சொல்லியிருந்தார். அவரை மடக்க ஏழெட்டுப் பதில்களை நான் தயாராக வைத்திருந்தேன்.

எங்கள் வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தபோது மதினி தாராவியில் ஒரு துணிப் பட்டறையில் தையல் மிஷின் பழுது பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாம் ஆண்டே, அந்த மிஷின்களைப் பற்றி ஒரு வருஷம் படிக்க ஒசாகாவுக்கு உதவித்தொகை கிடைத்தது. திருநெல்வேலிச் சொந்தம் முழுவதும் கூடி மறித்தது. முன்வரிசையில் நான். "கட்டுன புருஷனை விட்டுட்டு எவளாவது சப்பானுக்குப் போவாளா?" என்று கத்தினேன். இட்லிப்பொடி கட்டிக்கொண்டிருந்த மதினி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "நீயும் வாட்டி, பெட்டியில எடம் இருக்கு" என்றார்.

ஒசாகாவில் ஒரு குடும்பத்தோடு தங்கினார். வெளியே நன்றாகத் தேய்த்துக் குளித்துவிட்டு, ஒரே தொட்டி வெந்நீரில் ஒருவர்பின் ஒருவராக இறங்கி உட்காருவது அந்த வீட்டு வழக்கம். விருந்தாளி என்பதால் முதல் மரியாதை மதினிக்கு. தான் இறங்கிய நீரில் வீட்டுப் பெரியவர் இறங்குவதா என்று பதறிப்போய், மொத்த நீரையும் திறந்துவிட்டுத் தொட்டியைத் தேய்த்துக் கழுவிவிட்டு வந்தார். வெளியே துண்டோடு காத்திருந்த நான்கு பேரும் தொட்டியைப் பார்த்தார்கள், மதினியைப் பார்த்தார்கள், பேசாமல் குனிந்து வணங்கினார்கள். நன்றி சொல்கிறார்கள் என்று நினைத்துத் தினமும் இன்னும் அழுத்தித் தேய்த்தார். ஒரு வாரம் அந்தக் குடும்பம் பச்சைத் தண்ணீரில் குளித்தது. பிறகு வீட்டுக்கார அம்மாள் ஜாடையில் விளக்க, இருவரும் சிரித்துச் சிரித்து அந்த ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்களாம்.

"நம்ம வீட்டு மரியாத அவுக வீட்டுல அநியாயமாப் போச்சு. இதத் தெரிஞ்சிக்கிடுததுல ஒரு ருசி வந்துட்டுட்டி, இனிமே விடாது" என்பார்.

விடவில்லை. நேபாளம் போனார், இலங்கை போனார். கையில் காசு இல்லாத மாதங்களில் ரயில் சிநேகிதிகளின் வீடுகளுக்குப் போனார். ஒருமுறை கல்யாணில், மராட்டியச் சுமங்கலிகள் கூடும் மஞ்சள் குங்கும விசேஷத்துக்கு என்னையும் இழுத்துப் போனார். அங்கே பெண்கள் கணவர் பெயரைப் பாட்டில் கோத்துச் சொல்ல வேண்டும், அப்போதுதான் விடுவார்கள். மதினி தமிழிலேயே எடுத்துவிட்டார்: "கடலுக்கு அழகு அலை, எங்க பால்துரைக்கு அழகு தலை!" அண்ணனின் வழுக்கை அங்கே யாருக்கும் தெரியாது.

அடுத்து என் முறை. நான் என் வீட்டுக்காரர் பெயரை வாய்விட்டுச் சொன்னதே இல்லை. ரேஷன் கடையில்கூடக் கார்டைத்தான் நீட்டுவேன். இங்கேயும் எழுதப்போவதில்லை. சுற்றிலும் பத்துப் பெண்கள் "நாவ் க்யா, நாவ் க்யா" என்று பெயர் கேட்டுக் கைதட்ட, பதற்றத்தில் மதினி சொன்னதை அப்படியே திருப்பிச் சொல்லிவிட்டேன். கூடப்பிறந்த அண்ணனையே புருஷன் என்று சபையில் சொன்ன ஒரே பெண் நானாகத்தான் இருப்பேன். கல்யாணில் தொடங்கிய சிரிப்பை மதினி சயான் வரும்வரை நிறுத்தவில்லை. "இப்பத்தான் நீ ஊரைவிட்டு வெளிய வந்துருக்க" என்றார்.

அடக்கத்தன்று தாராவி வீட்டில் நிற்க இடமில்லை. எங்கள் பெண்கள் ஒப்பாரி வைக்க, ரயில் சிநேகிதிகள் என்ன செய்வதென்று தெரியாமல் சுவரோடு ஒட்டி நின்றார்கள். தமிழை எழுத்துக்கூட்டிப் படிக்கும் என் கயல் ஒவ்வொருவரிடமும் போய், இப்போது நடப்பது என்ன, அடுத்து என்ன என்று இந்தியில் சொல்லிக்கொண்டிருந்தாள். வாய்க்கரிசி போடும் நேரத்தில் அவர்களையும் முன்னால் கூட்டி வந்தாள்.

"சொந்தக்காரங்க மட்டுந்தான் போடணும்" என்றார் ஒரு பெரியவர்.

"தாத்தா, அத்தைக்கு இவங்களும் சொந்தந்தான். எல்லாரும் ரொம்ப தூரத்துலேருந்து வந்திருக்காங்க" என்றாள் கயல்.

"போடட்டும்" என்றான் அண்ணன்.

கல்யாண் பெண்மணி அரிசியை அள்ளினார். வாயில் போடத் தெரியாமல், மணப்பெண்ணுக்கு அட்சதை போடுவதுபோல மதினியின் தலையில் தூவினார். மற்றவர்களும் அப்படியே தூவினார்கள். நரைத்த முடியெல்லாம் வெள்ளை அரிசி. யாரும் திருத்தவில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது, அதோடு அடக்கி வைத்திருந்த அழுகையும் உடைந்தது. கயலை இழுத்து அணைத்துக்கொண்டு, "போயிட்டு வாட்டி" என்றேன்.

மதினி, நீங்கள் வந்து வாதாடியிருந்தால் நான் விட்டுக்கொடுத்திருக்க மாட்டேன். பேசாமல் படுத்திருந்தே ஜெயித்துவிட்டீர்கள். உங்களை நம்பித்தான் பிள்ளையை அனுப்புகிறேன். ஒரு வருஷம்தான். அதற்கு மேல் ஒரு நாள் ஆனாலும், நீங்கள் எந்த ஊரில் இருந்தாலும் தேடி வந்து கேட்பேன்.