அக்காவின் குளிசையும் என் வாற்பேய்களும்

கழுத்துக் கழலையை வெட்டியெடுத்த பிறகு, நாளுக்கொரு தைரொக்சின் குளிசை விழுங்கும்படி மட்டக்களப்பு ஆசுபத்திரியில் அக்காவுக்குச் சொல்லியிருந்தார்கள். அந்தக் குளிசைப் போத்தலைக் கண்டதிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. வாற்பேய்க்கு வால் சுருங்கி, கால் முளைத்து, அது தவளையாவதும் இதே தைரொக்சின் சுரப்பின் வேலைதான் என்று விலங்கியல் வகுப்பில் அப்போதுதான் படித்திருந்தேன். கொஞ்சம் கூட்டிக் கொடுத்தால் கால் கெதியாய் வரும். பள்ளிக் கண்காட்சிக்கோ இன்னும் பன்னிரண்டு நாள்.

அக்காவிடம் கெஞ்சி ஒரு குளிசை வாங்கினேன். செங்கலடி வட்டையில், வயலோர வாய்க்காலில் அள்ளிய வாற்பேய்களை இரண்டு போத்தலில் விட்டேன். ஒன்றில் வெறும் தண்ணீர். மற்றதில் குளிசை கரைத்த நீர், நாளுக்கு இரண்டே சொட்டு. இரண்டும் ஜன்னலடியில் இருந்தன. அக்கா காலையில் தேத்தண்ணியோடு உட்காருவதும் அங்கேதான்.

நாலாம் நாள் குளிசை நீரில் பின்னங்கால்கள் நூல்போல் எட்டிப் பார்த்தன. வீட்டில் எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினேன். ஆறாம் நாள் கால் அப்படியே நிற்க, வால் மட்டும் தேய்ந்தது. முன்னங்காலைக் காணோம். உடம்பு உளுந்தளவாய் ஒடுங்கி, ஒவ்வொன்றாய்ச் செத்து மிதந்தன. சொட்டுக் கணக்கு எழுதிய கொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எழுதியது சரி.

அக்கா வந்து எட்டிப் பார்த்தாள். முகம் மாறிவிட்டது.

"தம்பி, நானும் குடுத்தன்டா. நான் குளிசை விழுங்கேக்க அதுகள் என்னையே பாத்துக்கொண்டு நிண்டுதுகள். பாக்க வெச்சுக்கொண்டு தனியத் திங்கலாமா? ஒவ்வொரு நாளும் பாதியக் கிள்ளி, கிட்ட இருந்த இந்தப் போத்தலுக்க போட்டன்."

எங்கள் வீட்டில் ஒரு கொய்யாப்பழம்கூடப் பக்கத்தில் இருப்பவருக்குப் பிய்த்துக் கொடுக்காமல் வாயில் போகாது. வந்த கோபம் பாதியிலேயே சிரிப்பாகிவிட்டது. பிறகுதான் உறைத்தது: அவள் விழுங்கியது மற்றப் பாதி மட்டும். அந்தக் கிழமை முழுக்க அவள் சோர்ந்து சோர்ந்து படுத்ததை நான் கவனிக்கவேயில்லை, போத்தலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

உயிரோடிருந்த மூன்றை நல்ல தண்ணீருக்கு மாற்றினேன். ஒன்று தப்பியது. நாலு காலோடு, என் சுண்டுவிரல் நகத்திலும் சின்னதாய். கண்காட்சியில் அதற்குப் பக்கத்தில், வெறும் தண்ணீரில் வளர்ந்த, காலில்லாத கொழுத்த வாற்பேய்களையும் வைத்தேன். எவ்வளவு மருந்து என்று ஆசிரியர் கேட்டார்.

"சரியாத் தெரியாது சேர். அக்காவும் பங்கு குடுத்திட்டா."

அதையும் அட்டையில் எழுதச் சொன்னார். எழுதினேன்.

பங்கு போட்டதைச் சொன்ன அடுத்த நாளிலிருந்தே அக்கா முழுக் குளிசையை விழுங்கினாள், ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு.