மகளின் போனோடு வந்தவர்

“செல்போனப் பத்தி எழுதுறியாக்கும்? அத எவன் படிப்பான்?” என்று தாய்மாமா ஒருமுறை சிரித்தார். பத்திரிகையில் என் கட்டுரையைப் படித்த ஒருவர் எழுமலையிலிருந்து பஸ் மாறி, ஒத்தக்கடையில் என் வீட்டு வாசலுக்கே வந்தார்.

வெயிலில் கறுத்த, ஒடிசலான மனிதர். சட்டைப் பையிலிருந்த போனை அடிக்கடி எடுத்து, துண்டு நுனியால் துடைத்து, சார்ஜ் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார். இறந்துபோன மகளின் போன் அது.

“பூட்டுத் தெறக்குற நம்பர் தெரியல தாயி. இன்னொரு தடவ தப்பாப் போட்டா எல்லாம் அழிஞ்சிரும்ங்குது. அவ போட்டோ அம்புட்டும் இதுலதான் கெடக்கு. நீங்கதான் தெறந்து தரணும்.”

“பூட்டத் தெறக்குறது என் வேலை இல்லைங்கய்யா. எழுதுறது மட்டுந்தான். இனிமே நம்பர் போட்டுப் பாக்காதீங்க.”

யார் போனையும் உடைத்துத் திறப்பதில்லை, இலவசமாக வரும் போனைப் பற்றி எழுதுவதில்லை என்பது நானே வகுத்துக்கொண்ட கட்டுப்பாடு. அதில் எனக்குப் பெருமை உண்டு. அன்று அது கசந்தது.

“இது அணையாமப் பாத்துக்கிட்டா, என்னைக்காச்சும் தெறக்கும்ல?” என்றார். இன்னொரு முறை போனைத் துடைத்துவிட்டு, “வாரேன் தாயி” என்று கிளம்பினார்.

கையிலிருந்த புதுப் போன் கட்டுரையைத் தள்ளிவைத்துவிட்டேன். நமக்குப் பிறகு நம் போனை யார் திறப்பது என்பதைத்தான் இப்போது எழுதுகிறேன். அதற்கு முன்பே அம்மாவை அழைத்து, இதுவரை கைநாட்டு வைக்க மட்டுமே பயன்பட்ட அவள் கட்டைவிரலை, என் போனின் பூட்டைத் திறக்கும்படி அதில் பதிவுசெய்துவிட்டேன்.