பலகைக்கு அடியில் பனியன் வேஸ்ட்

ஈரம் சுரக்கும் தரைக்கு மெத்தை போட்ட முட்டாள் திருப்பூரில் ஒருவன் உண்டென்றால் அது நான்தான். வேறு யாரும் போட்டிக்கு வரமாட்டார்கள் என்பதால் முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். அதுவும் தெரியாத்தனமாகச் செய்யவில்லை. நன்றாக யோசித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமையைச் செலவழித்து, முதுகு ஒடியச் செய்தேன்.

நல்லூரில் எங்கள் வீடு சரிவான இடத்தில் இருக்கிறது. தெருவிலிருந்து பார்த்தால் சாதாரண வீடு. பின்பக்கம் போனால் அடியில் இன்னொரு ஹால் ஒளிந்திருக்கும்; அண்டர்கிரவுண்டு என்போம். தரை வெறும் கான்கிரீட். மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் கசியும். ஒரு அட்டைப்பெட்டியை அங்கே வைத்துவிட்டுச் சில நாள் கழித்து எடுத்தால், மேல்பாதி கையோடு வரும், அடிப்பாதி தரையோடு நின்றுகொள்ளும். உடைந்த நாற்காலிகளைத் தவிர யாரும் அங்கே குடியிருந்ததில்லை.

அந்த ஹாலைத்தான் என் மனைவி கேட்டாள். பெருமாநல்லூர்ப் பக்கம் ஒரு பனியன் கம்பெனியில் பல வருஷம் செக்கிங் சூப்பர்வைசராக நின்றவள். நின்றவள் என்றுதான் சொல்ல வேண்டும், அந்த வேலையில் உட்கார இடம் கிடையாது. சாயங்காலம் கம்பெனி வேனிலிருந்து இறங்கும்போது பாதம் வீங்கி, செருப்பு காலில் நுழையாமல் கையில் இருக்கும். இனி அந்த வேனில் ஏற முடியாது, நாலு பெண்களை வைத்து வீட்டிலேயே செக்கிங்கும் பேக்கிங்கும் எடுத்துச் செய்கிறேன் என்றாள். வேறொரு கம்பெனி குழந்தைகள் உடுப்பு தரச் சம்மதித்தது. ஒரே நிபந்தனை: தரம் பார்க்கும் அவர்களுடைய கியூசி பெண் வந்து இடத்தைப் பார்ப்பாள், ஈரமோ பூசணமோ வாடையோ இருந்தால் ஒரு பீஸ் கூட வராது. வரவில்லையென்றால் மறுபடி வேன்தான். பழைய கம்பெனியில் அவள் லீவுதான் சொல்லியிருந்தாள், வேலையை விடவில்லை. அவள் விவரமானவள், யாரை நம்பி இறங்குகிறோம் என்று தெரிந்து வைத்திருந்தாள்.

நான் கட்டிங் மாஸ்டர். மேசைமேல் துணியை அடுக்கடுக்காக விரித்து அளந்து வெட்டுவது என் பிழைப்பு. தரைக்கு நான் போட்ட திட்டம் இதுதான்: கான்கிரீட்டின்மேல் பாலித்தீன் ஷீட், அதன்மேல் ரீப்பர் என்கிற ஒல்லிக் கட்டைகள், அதன்மேல் பிளைவுட் பலகை. இதுவும் துணி விரிப்பது மாதிரிதானே என்று எனக்குத் தோன்றியது. பலகைகளை நானே அளந்து கடையில் அறுத்து வாங்கி வந்தேன். எதுவும் ஹாலுக்குள் அடங்கவில்லை. துணிக்குச் சுருக்கம் விடுகிற பழக்கத்தில் எல்லாப் பலகைக்கும் இரண்டு விரற்கடை கூடுதலாக விட்டிருந்தேன். ராஜஸ்தானிலிருந்து வந்து இங்கேயே தங்கிவிட்ட தச்சர் ஒருவரைக் கூப்பிட்டிருந்தேன். எங்கள் ஊர்த் தமிழை எங்களைவிட மரியாதையாகப் பேசுவார். பலகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு நிதானமாகக் கேட்டார்: “ஏனுங்க மாஸ்டர், இத வாஷிங்குக்குப் போடுவீங்களா?”

அவர் அறுத்துச் சரிசெய்தார். சுவரோரம் சுற்றிலும் காற்றுப் போக ஒரு விரல் இடைவெளி விட்டு, சில பலகைகளை ஸ்குரு போட்டு முடுக்கியும் ஆயிற்று. ஏறி நடந்து பார்த்தேன். பள்ளி ஆண்டுவிழா மேடை மாதிரி டொம் டொம் என்றது. நாலு பெண்கள் நாள் முழுக்க நடந்தால் மேலே வீட்டில் மத்தளக் கச்சேரிதான்.

எங்கள் ஊர்க்காரனுக்கு எங்கே ஓட்டை தெரிந்தாலும் கை பனியன் வேஸ்ட்டைத்தான், வெட்டி மிஞ்சிய துண்டுத் துணியைத்தான் தேடும். தலையணைக்கு அதுதான், மெஷின் ஸ்டூலுக்கு அதுதான், தண்ணீர்க் குழாய் கசிந்தாலும் பிளம்பர் வருகிறவரை அதுதான். நான் வெட்டுகிறவன், என்னிடம் வேஸ்ட்டுக்கா பஞ்சம்? மனைவி அன்றைக்குப் பொங்கலூரில் தன் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தாள். வருவதற்குள் அசத்திவிட வேண்டுமென்று மூட்டை மூட்டையாக இறக்கி, கட்டைகளுக்கு நடுவே இண்டு இடுக்கு விடாமல் திணித்தேன். தச்சரும் நல்ல யோசனை என்றார்; அவரும் எங்கள் ஊர்க்காரர் ஆகிவிட்டார் என்பதற்கு அதுவே சாட்சி. சுவரோரம் அவர் விட்ட இடைவெளி கண்ணுக்கு அசிங்கமாக இருந்தது. அதையும் அடைத்தேன்.

மனைவி வந்து இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் நடந்தாள். சத்தமே இல்லை. “பரவால்லீங்களே” என்றாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் வாயில் எனக்குக் கிடைத்த மிகப்பெரிய பட்டம் அதுதான்.

பட்டம் கொஞ்ச நாள்தான் நிலைத்தது. ஒருநாள் அவள் படியில் நின்று மூக்கைச் சுருக்கினாள். புதுப்பலகை வாடை என்றேன். மறுநாள் சாம்பிராணி போட்டேன். ஈரக்கோயிலுக்குள் நுழைந்த மாதிரி ஆயிற்று. ரசகற்பூரம் வைத்தேன், ஈரக்கோயிலில் யாரோ பழைய பீரோவைத் திறந்த மாதிரி ஆயிற்று. செக்கிங்கில் இருந்தவளின் மூக்கை ஏமாற்றப் பார்த்தேன் பாருங்கள். அவள் ஸ்குரு டிரைவரை எடுத்து வந்து மூலைப்பலகையைக் கழற்றினாள்.

அடியில் வேஸ்ட் கனத்துக் கிடந்தது, வெள்ளைத் துணியெல்லாம் கறுப்புப் புள்ளியாக. ரீப்பர் கட்டையை ஆணியடித்துக் கான்கிரீட்டில் பிடித்திருந்தோம். ஷீட்டில் ஆணி போன ஓட்டை வழியாகவும் சுவரோரமாகவும் வந்த ஈரத்தை வேஸ்ட் குடித்துக்கொண்டே இருந்திருக்கிறது. காற்றுப் போகும் வழியை நானே அடைத்துவிட்டேன். ஒரு பிடி எடுத்துப் பிழிந்தாள். விரலிடுக்கில் தண்ணீர் சொட்டியது.

திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன், பழக்கம்தான். அவள் படியில் உட்கார்ந்து பாதத்தைப் பிடித்துவிட்டுக்கொண்டாள். கியூசி வர இரண்டு நாள்தான் இருந்தது.

“வேனுக்குச் சொல்லிரட்டுங்களா?” என்றாள்.

அந்தக் குரலில் கோபமே இல்லை. அலுப்பு மட்டும்தான். ஸ்குரு டிரைவரை வாங்கி அடுத்த பலகையைக் கழற்ற ஆரம்பித்தேன்.

கம்பெனிக்கு லீவு சொன்னேன். தச்சர் வந்தார், எல்லாவற்றையும் பார்த்தார், தான் சரியென்று சொன்னதை நான் சொல்லிக்காட்டுவதற்குள் வேலையில் இறங்கினார். வேஸ்ட் இறங்கியபோது காற்றாக இருந்தது, ஏறும்போது கல்லாக இருந்தது. மூட்டையைத் தோளில் வைத்துப் படியேறினால் சட்டைக்குள் தண்ணீர் ஓடியது. மனைவி தரையைத் துடைத்து ஃபேனைத் திருப்பி வைத்தாள். கிழிந்த ஷீட்டைத் தூக்கிப்போட்டுவிட்டுப் புதிது விரித்து, சுவரில் கொஞ்சம் ஏற்றி, அட்டைப்பெட்டிக்கு ஒட்டுகிற டேப்பால் ஒட்டினோம். இந்தத் தடவை கட்டைக்கு ஆணி இல்லை. ஷீட்டின்மேல் சும்மா கிடத்தி, பலகையை மட்டும் அதில் முடுக்கினோம். சுவரோர இடைவெளியைத் தச்சர் தன் விரலாலேயே சுற்றிலும் அளந்து பார்த்தார், என் கைகள் எங்கே இருக்கின்றன என்றும் ஒரு கண் வைத்துக்கொண்டார். ஜன்னலில் எக்ஸாஸ்ட் ஃபேன் ஏறியது. முடிந்தபோது மூன்று பேரும் படியிலேயே உட்கார்ந்துவிட்டோம். வயதான கட்டிங் மாஸ்டரின் முதுகு எப்படியிருக்கும் என்பதை எழுதிக்காட்ட முடியாது.

கியூசி பெண் வந்தாள். எங்கள் மகள் வயதுதான் இருக்கும். மூக்கால் ஒரு சுற்றுச் சுற்றினாள். நாங்கள் முந்தின நாளே பலகைமேல் வைத்திருந்த காலி அட்டைப்பெட்டியின் அடியில் ஈரம் பார்க்கும் மீட்டரைக் குத்தினாள். மனைவி மீட்டரைப் பார்க்கவில்லை, அந்தப் பெண்ணின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அந்தப் பெண் டொம் டொம் என்று நடந்து படிக்கு வந்து, “நல்லாருக்குதுங்கக்கா, திங்கக்கிழமை பீஸ் வந்துரும்” என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டியில் போய்விட்டாள்.

மனைவி போனை எடுத்துப் பழைய கம்பெனிக்கு வேன் வேண்டாம் என்று சொன்னாள். பிறகு பலகைமேல் காலை நீட்டி உட்கார்ந்தாள். நானும் பக்கத்தில் சாய்ந்தேன். நாளைக்கு மறுபடி மேசைமுன் நிற்க வேண்டும் என்று நினைத்தபோதே முழங்கால் வலித்தது. பாதி விளையாட்டாகத்தான் கேட்டேன், நானும் வேலையை விட்டுவிட்டு இங்கேயே பெட்டி ஒட்ட வந்துவிடட்டுமா என்று.

“ஆள் எடுத்தாச்சுங்க” என்றாள்.