வளைக்குள் போன ஸ்ப்ராட்

ஸ்ப்ராட் வளைக்குள் போனது பிப்ரவரி மாதத்து ஞாயிற்றுக்கிழமைக் காலையில். தெல்மா பர்க்கிஸ் சேற்றில் வழுக்கி முழங்கால் ஊன்றி விழுந்தாள். கையிலிருந்த நாய்வார் நழுவியது. அவள் எழுந்து நிற்பதற்குள் அந்தக் குட்டைக்கால் நாய் வாரையும் இழுத்துக்கொண்டு ஹேசல் புதர்களுக்கு அடியில் ஓடி, மேட்டுச் சரிவில் இருந்த பெரிய பொந்துக்குள் நுழைந்துவிட்டது. வாரின் சிவப்பு நுனி மட்டும் ஒரு கணம் வெளியே தெரிந்தது. பாய்ந்து பிடிக்கப் போனாள். அதுவும் உள்ளே போய்விட்டது.

அது பேட்ஜர் வளை. ஹோப்ளி காட்டில் இருந்த ஒரே வளை. டோர்செட் மாவட்டத்தில் பிட்கோம் கிராமத்துக்குப் பின்னால், கோதுமை வயலுக்கும் மாட்டுப் பண்ணைக்கும் நடுவே ஒட்டுப்போட்டது போல இருக்கும் சின்னக் காடு அது. நிதானமாக நடந்தாலும் அரை மணியில் சுற்றிவந்துவிடலாம். மரங்கொத்தி உண்டு, ஆந்தை உண்டு, குளிர்காலத்தில் இரண்டு மூன்று மான்கள் வந்து ஒதுங்கும். தெல்மா போனதோ பேட்ஜர்களுக்காக. வெள்ளை முகத்தில் கறுப்புப் பட்டை ஓடும் அந்தக் கனத்த பிராணிகள் பகலெல்லாம் மண்ணுக்கடியில் உறங்கும். இருட்டிய பிறகுதான் வெளியே வரும். அவற்றை அவள் நேரில் பார்த்த தடவைகள் குறைவு. ஆனாலும் வாசலில் புது மண் தள்ளியிருக்கிறதா, படுக்கைக்குப் புல் இழுத்துப் போயிருக்கிறதா, யாராவது மண்வெட்டி போட்டிருக்கிறார்களா என்று ஞாயிறு தவறாமல் பார்த்துவிட்டு வருவாள். மற்ற நாட்களில் பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டுக்கூடத்தில் பிள்ளைகளுக்கு உருளைக்கிழங்கும் பட்டாணியும் பரிமாறுகிற வேலை. வட்டாரப் பேட்ஜர் பாதுகாப்புக் குழுவில் இவளைப் போலக் கண்டிப்பானவள் கிடையாது என்று பெயர்.

அந்தக் கண்டிப்பால்தான் வெர்னன் ஸ்டிக்லண்ட் ஜெயிலுக்குப் போனான். சில வருஷங்களுக்கு முன்னால், இதே மேட்டில், வேட்டைப் பொழுதுபோக்குக்காக நாய்களை உள்ளே விட்டுப் பேட்ஜரைத் தோண்டி எடுத்துக்கொண்டிருந்தவனைத் தெல்மா படம் பிடித்துப் போலீஸில் கொடுத்தாள். கோர்ட்டில் ஏறி, நாயைக் கையில் பிடிக்கவே லாயக்கில்லாத மனுஷன் என்று சாட்சி சொன்னாள். வளையைத் தோண்டுவது குற்றம். அது ஊரில் எல்லோருக்கும் தெரியும். தெரியாதவர்களுக்கு அவளே வீடு வீடாகப் போய்ச் சொல்லியிருந்தாள்.

இப்போது அவள் வளை வாசலில் குப்புறப் படுத்து, "ஸ்ப்ராட், வாடா, வெளிய வாடா" என்று தொண்டை கட்டக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். உள்ளே எங்கோ ஆழத்தில் நாய் குரைத்தது. பிறகு ஒரு உறுமல் கேட்டது. அது நாயின் உறுமல் இல்லை.

ஸ்ப்ராட் அவளுடைய மகள் ரொவீனாவின் நாய். ரொவீனாவுக்கு முப்பது வயது நெருங்குகிறது. சின்ன வயதிலிருந்து வலிப்பு. எத்தனையோ மாத்திரை மாற்றியும் அது முழுதாக அடங்கவில்லை. யாரும் பழக்கிவிடாமலே ஸ்ப்ராட்டுக்கு ஒரு வித்தை வந்திருந்தது. வலிப்பு வருவதற்குச் சற்று முன்னால் ரொவீனாவின் காலைச் சுற்றிச் சுற்றிக் குரைக்கும். அவள் இருக்கிற வேலையைப் போட்டுவிட்டுத் தரையில் படுத்துக்கொள்வாள். அந்த நாய் வந்த பிறகுதான் தெல்மாவால் மகளைத் தனியே விட்டு வேலைக்குப் போக முடிந்தது. ரொவீனாவும் முதல் முறையாகத் தனக்கென்று டீ போட்டுக் குடித்தாள்.

குழுத் தலைவி ஹிலரி ஃபேன்ஷாவுக்கு தெல்மா போன் செய்தாள். ஹிலரி நல்லவள், ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. பதறாமல் பேசினாள். வாசலை அடைக்கக் கூடாது, கூட்டம் கூடக் கூடாது, மண்ணில் கை வைக்கவே கூடாது. பெரும்பாலான நாய்கள் தாமாகவே வந்துவிடும். வராவிட்டால் தோண்ட அனுமதி கேட்கலாம், ஆனால் இது பேட்ஜர்கள் குட்டி போட்டிருக்கிற காலம், அனுமதி லேசில் கிடைக்காது என்றாள். இதே வார்த்தைகளை தெல்மா எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறாள். நாயைத் தொலைத்துவிட்டு அழுத ஒரு கிழவரிடமும் சொல்லியிருக்கிறாள். அவர் முகம் இப்போது நினைவுக்கு வந்தது.

ஞாயிறு இருட்டும்வரை அவள் அங்கேயே இருந்தாள். திங்களன்று வேலைக்குப் போகவில்லை. வேகவைத்த கோழியைத் தட்டில் வைத்து வாசலில் வைத்தாள், ரொவீனாவின் போர்வையைப் போட்டாள். குரைப்பு நின்று முனகலாகியிருந்தது. அதுவும் விட்டு விட்டுத்தான் கேட்டது. மதியம் மகளைப் பார்த்துவிட்டு வரலாம் என்று வீட்டுக்கு ஓடினாள்.

சமையலறைக் கதவைத் திறக்க முடியவில்லை. உள்ளே ஏதோ அடைத்துக்கொண்டிருந்தது. தோளால் நெட்டித் திறந்தால், ரொவீனா கதவோடு ஒட்டித் தரையில் கிடந்தாள். நெற்றியில் ரத்தம். கெட்டில் கவிழ்ந்து சுடுதண்ணீர் முன்கையெல்லாம் கொட்டித் தோல் வழன்றிருந்தது. வலிப்பு நின்று எவ்வளவு நேரமானதோ, விழித்துத் தாயைப் பார்த்தாள்.

"அவன் குரைக்கவே இல்லம்மா," என்றாள் குழறலாக. "ஏன் குரைக்கல?"

அவன் இல்லை என்பதே அவளுக்கு அந்த நேரத்தில் மறந்துபோயிருந்தது.

ஆம்புலன்ஸ் வந்து, கட்டுப் போட்டு, பக்கத்து வீட்டுக்காரியை மகளோடு உட்காரவைத்த பிறகு தெல்மா அனுமதி தரும் அலுவலகத்துக்குப் போன் செய்தாள். விஷயத்தை முழுதாகக் கேட்டுக்கொண்ட ஒரு பெண், வார இறுதிக்குள் ஆள் வந்து பார்ப்பார்கள் என்று அன்பாகச் சொன்னாள். தெல்மா போனை வைத்துவிட்டுக் கோட்டை மாட்டினாள். ஊர்க்கோடியில் இருந்த வெர்னன் வீட்டுக்கு நடந்தாள். கால் நடந்ததே தவிர மனம் ஒப்பவில்லை. வாசல்வரை போய்த் திரும்பி, மறுபடி போய்க் கதவைத் தட்டினாள்.

அவன் உருளைக்கிழங்கு சீவும் கத்தியோடு வந்து நின்றான்.

"என்ன தெல்மா, வழி மாறி வந்துட்டீங்களா? போலீஸ் ஸ்டேஷன் அந்தப் பக்கம்."

அவள் நடந்ததைச் சொன்னாள். கோர்வையாக வரவில்லை; நாயில் தொடங்கி மகளுக்குப் போய், மறுபடி நாய்க்கு வந்தாள்.

"உங்க நாய், பேட்ஜர் வளையில," என்றான் கடைசியில். சிரிக்கவில்லை. "கோர்ட்டுல என்னைப் பத்திச் சொன்னது ஞாபகம் இருக்கா? எனக்கு நல்லாவே ஞாபகம் இருக்கு. என் நாய்ங்க எல்லாத்தையும் வேன்ல ஏத்துனாங்க. பெட்ஸி கிழடு, அதை யாரும் எடுத்து வளக்க மாட்டாங்கன்னு ஊசி போட்டுட்டாங்க. வேன் கண்ணாடி வழியா என்னையே பாத்துட்டுப் போச்சு அது."

"நான் சொன்னது பொய்னு சொல்ல வரல," என்றாள் தெல்மா. "நீங்க செஞ்சது தப்புதான். இப்பவும் அதைத்தான் சொல்வேன். ஆனா என் பொண்ணு அங்க வெந்து கெடக்கா. எனக்கு வேற யாரையும் தெரியல, வெர்னன்."

கதவு சாத்தப்பட்டது. தெல்மா படியில் உட்கார்ந்துவிட்டாள். எழுந்து போவதற்கு இடம் எதுவும் இருந்ததாக அவளுக்குத் தோன்றவில்லை. நல்ல வேளையாக மழை பெய்யவில்லை என்று மட்டும் நினைத்துக்கொண்டாள். மழை பெய்தால் வளைக்குள் தண்ணீர் இறங்கும். சற்றுப் பொறுத்துக் கதவு மறுபடி திறந்தது.

"விடியட்டும், வரேன். அந்த ஹிலரி அம்மா காதுல மட்டும் போடாதீங்க."

செவ்வாய்க்கிழமை உறைபனி கொட்டியிருந்தது. வெர்னன் மேட்டின் மேல் ஒவ்வொரு இடமாக மண்டியிட்டு, தரையில் காதை வைத்துக் கேட்டான். தெல்மாவை வாசலுக்குப் போய்க் கூப்பிடச் சொன்னான். அவள் கூப்பிட்டாள். நடுச்சரிவில் படுத்திருந்தவன் கையைத் தூக்கினான்.

"இருக்கு. நேரா எனக்குக் கீழ. வார் வேருல சுத்தியிருக்கும், அதான் முன்னாலயும் போக முடியல, பின்னாலயும் வர முடியல."

அவன் எழுந்து குதிகாலால் மண்ணில் ஒரு கோடு போட்டான். பிறகு பக்கத்தில் சிதறிக் கிடந்த காய்ந்த புல்லைக் காட்டினான். பேட்ஜர் தாய் படுக்கைக்காக இழுத்துப்போன புல். தெல்மா அதை முன்பே பார்த்திருந்தாள். குழுவுக்கு அனுப்பிய செய்தியில் சந்தோஷமாக எழுதியும் இருந்தாள்.

"குட்டிங்க இதுக்குப் பக்கத்துலயேதான் இருக்கும்," என்றான். "எவ்வளவு பக்கத்துலன்னு சொல்ல முடியாது."

"இன்னும் ஒரு நாள் விட்டா?"

"சத்தம் நின்னுடும்."

அவன் மண்வெட்டியைக் கோட்டின் மேல் குத்தி நிறுத்திவிட்டுப் பின்னால் நகர்ந்தான். தான் தொடமாட்டேன் என்று சொல்லிவிட்டான். இன்னொரு தடவை ஜெயிலுக்குப் போனால் வெளியே வருகிற வயதில்லை தனக்கு. இடத்தைக் காட்டியாயிற்று, வேண்டுமானால் அவளே தோண்டிக்கொள்ளட்டும்.

தெல்மா மண்வெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இந்த மேட்டில் யாரும் மண்வெட்டி வைக்கக் கூடாதென்று ஒரு காலத்தில் வளை வாசலில் குறுக்கே படுத்துக் கிடந்தவள் அவள். தலைக்கு மேலே எங்கோ ஒரு மரங்கொத்தி மரத்தைத் தட்டிக்கொண்டிருந்தது. கீழே நாய் ஒரு முறை முனகியது. அவள் மண்வெட்டியைப் பிடுங்கி வெட்டத் தொடங்கினாள்.

மேல் மண் உறைந்து கல்லாக இருந்தது. அதற்குக் கீழே வேர்கள், பிறகு சுண்ணாம்புக் கல். புளூபெல் பூச்செடிகளின் கிழங்குகள் வெள்ளை வெள்ளையாகத் துண்டுபட்டு விழுந்தன. ஒரு ராபின் குருவி வந்து குவிந்த மண்ணில் உட்கார்ந்து புழு பொறுக்கியது. அவள் ஒவ்வொரு வெட்டுக்கும் யாரிடமோ மன்னிப்புக் கேட்பது போல ஏதோ முணுமுணுத்தாள். வெர்னன் வரப்போரம் காவல் நின்றான். இடுப்பளவுக்கு இறங்கியபோது மண்வெட்டி சட்டென்று வெற்றிடத்தில் பாய்ந்தது. சூடான, நெடி கலந்த காற்று முகத்தில் அடித்தது.

நாய் அங்கே இல்லை. காய்ந்த புல் மெத்தையில், உள்ளங்கை அளவில், சாம்பல் ரோமம் அப்போதுதான் அரும்பியிருந்த மூன்று குட்டிகள் ஒன்றின் மேல் ஒன்று கிடந்தன. கண் திறக்கவில்லை. குளிர் பட்டதும் நெளிந்து கத்தின. குஞ்சுகள் கத்துவது போன்ற சின்னச் சத்தம். சுரங்கத்தின் இருட்டுக்குள்ளிருந்து தாய் சீறியது.

தெல்மா குனிந்து கையை நீட்டினாள். வெர்னன் விளிம்புக்கு ஓடிவந்தான்.

"தொடாதீங்க. புல்லைப் போட்டு மூடுங்க, மேல நான் கொண்டுவந்த பலகையை வைங்க. சீக்கிரம். வலது கைப் பக்கம் தோண்டுங்க."

அவள் மூடினாள். வலது பக்கம் கையாலேயே பறித்தாள். நகங்கள் பிய்ந்தன. ஒரு கை நீளத்தில் ஸ்ப்ராட்டின் பின்னங்கால் தட்டுப்பட்டது. வெர்னன் நீட்டிய கத்தியால் வாரை அறுத்து வெளியே இழுத்தாள். ஒரு காது கிழிந்து தொங்கியது, கீழுதடு பிளந்திருந்தது, இடது கண் இருந்த இடம் ரத்தமும் மண்ணுமாக இருந்தது. ஆனால் நெஞ்சு ஏறி இறங்கியது. அவள் அதைக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு, வெட்டிய பள்ளத்தை வெர்னன் சொன்னபடி பலகையும் மண்ணும் போட்டு மூடினாள். நன்றி சொல்ல நிமிர்ந்தபோது அவன் வயலைக் கடந்து போய்க்கொண்டிருந்தான்.

நாய் பிழைத்தது. கண் போனது.

அன்று சாயங்காலம் தெல்மா ஹிலரிக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னாள், வெர்னன் பெயரைத் தவிர. "நீயா?" என்று மட்டும் ஹிலரி கேட்டாள். மறுநாள் இருவரும் போய்ப் பார்த்தார்கள். தாய் பலகைக்கு அடியில் வழி பண்ணிக் குட்டிகளைத் தூக்கிப் போயிருந்தது. இரண்டைத்தான் தூக்கியிருந்தது. மூன்றாவது பள்ளத்தோரம் பனியில் விறைத்துக் கிடந்தது. ஹிலரி தன் கம்பளித் தொப்பியைக் கழற்றி அதில் அந்தக் குட்டியை எடுத்து வைத்தாள்.

"இன்னும் ஒரு நாள் பொறுத்திருக்கலாமே, தெல்மா."

உன் மகளாக இருந்தால் பொறுத்திருப்பாயா என்று கேட்க வாய்வரை வந்தது. கேட்கவில்லை. அந்தக் குட்டியைப் பார்த்துக்கொண்டு அதைக் கேட்க முடியவில்லை.

போலீஸில் அவளே போய்ச் சொன்னாள். இடத்தைக் காட்டியது யார் என்று திரும்பத் திரும்பக் கேட்டார்கள். யாருமில்லை, பல வருஷமாக வளையைப் பார்த்துவருகிற தனக்குத் தெரியாதா என்றாள். எச்சரிக்கை செய்து பதிவு போட்டு அனுப்பினார்கள். குழுவிலிருந்து விலகிக்கொள்ளும்படி ஹிலரி கேட்கும் முன்பே விலகினாள். சாப்பாட்டுக்கூடத்தில் ஒரு பையன் தட்டை நீட்டியபடி, நீங்கதான் பேட்ஜர் குட்டியைக் கொன்னீங்களா என்று கேட்டான். அவள் ஆமாம் என்று சொல்லிப் பட்டாணியை வைத்தாள்.

வளை வெறிச்சோடிப் போனது. கோடையில் நரிகள் அதில் குடியேறிவிட்டதாக யாரோ சொல்லக் கேட்டாள். பேட்ஜர்கள் எங்கே போயின, அந்த இரண்டு குட்டிகளும் பிழைத்தனவா என்று யாருக்கும் தெரியவில்லை.

ஸ்ப்ராட் அதற்கப்புறம் குரைக்கவே இல்லை. ஏப்ரலில் ரொவீனாவுக்கு வலிப்பு வந்தபோது அது சோபாவுக்கு அடியில் படுத்திருந்தது. தெல்மா மகளைத் தூக்கி உட்காரவைத்துவிட்டு நாயைப் பார்த்தாள். அன்றைக்கு அவளுக்கு வந்த ஆத்திரத்தில் அதை என்ன செய்திருப்பாளோ, அவளுக்கே தெரியாது.

"விடும்மா," என்றாள் ரொவீனா, தரையில் உட்கார்ந்தபடியே அதன் பக்கம் கையை நீட்டி. "அவனுக்கும் பயமா இருக்கும்ல."

தெல்மா வேலையை விட்டாள். மகளைத் தனியே விட இனி வழியில்லை. ஹோப்ளி காட்டுப் பக்கம் போகாமல் சாலை வழியாகச் சுற்றிக்கொண்டே கடைக்குப் போய்வந்தாள். ஒரு நாள் அங்கே வரிசையில் அவளுக்கு முன்னால் வெர்னன் நின்றான். அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

"நாய் எப்படி இருக்கு?" என்று முன்பக்கம் பார்த்தபடியே கேட்டான்.

"இருக்கு. சாப்பிடுது."

"பொண்ணு?"

"வேலைய விட்டுட்டேன். அவளோடதான் இருக்கேன்," என்றாள் தெல்மா. அவன் புகையிலைக்குக் காசு கொடுத்துவிட்டு, அவள் முகத்தைப் பார்க்காமலே வெளியே போய்விட்டான்.